கோப்புக்குப் பெயர் வைப்பதில் தொடங்கும் இணையதளப் பணி: சத்துவாச்சாரிப் பணியகம் ஒன்றின் மதிப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் கணவனும் மனைவியுமாக இருவர் நடத்தும் ஒரு சிறிய இணையதளப் பணியகம், குடியாத்தத்தில் உள்ள எங்கள் கைத்தறி லுங்கிக் கடையின் தளத்தை அண்மையில் முழுவதுமாக மாற்றி அமைத்துக் கொடுத்தது. வேலை கைக்கு எட்டும் அளவுக்கு மேல் விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பணியகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தளத்தின் நிறம், எழுத்துரு, படங்களின் அடுக்கு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதும் இல்லை. அவை நன்றாகவே அமைந்துள்ளன; ஆனால் அந்த அளவுக்குச் செய்து தரக்கூடியவர்கள் வேலூரிலும் காட்பாடியிலும் வேறு பலர் இருக்கிறார்கள். இவர்களிடம் நான் தனியாகப் பாராட்ட விரும்புவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கோப்புப் பெயர் வைப்பதற்கு இவர்கள் கொடுக்கும் கவனத்தை. தளம் கட்டும் வேலையில் பின்னால் திருத்துவதற்கு மிகக் கடினமான பகுதி அதுதான் என்பதை நன்கு உணர்ந்து வேலை செய்கிறார்கள்.

கோப்பின் பெயரே பக்கத்தின் இணைய முகவரியாகிறது. பக்கத்தில் எழுதியிருப்பதை நினைத்தபோது மாற்றலாம். முகவரியை அப்படி மாற்ற முடியாது. அது பில் புத்தகத்தில் அச்சாகியிருக்கும், லுங்கி மடிப்பின் மேல் ஒட்டும் லேபிளில் கியூஆர் குறியீடாக இருக்கும், வாடிக்கையாளர் தம் மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், கூகுள் தன் பட்டியலில் ஏற்றி வைத்திருக்கும். இவற்றில் எதையும் நாம் திரும்ப வாங்க முடியாது. உலகளாவிய வலையை (வேர்ல்ட் வைட் வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998ஆம் ஆண்டிலேயே, நல்ல முகவரி என்பது மாறாத முகவரி என்று வலியுறுத்தி, எழுதியவரின் பெயர், பொருள் வகைப்பாடு, ‘புதியது’, ‘வரைவு’ போன்ற நிலை, கோப்பின் பின்னொட்டு (பெயரின் முடிவில் வரும் ஜேபிஜி, எச்டிஎம்எல் போன்றவை) ஆகிய மாறக்கூடியவற்றை முகவரியில் சேர்க்க வேண்டாம் என்று எழுதினார். அந்த அறிவுரையை வட ஆற்காட்டுக் கடைக்காரர் ஒருவருக்குப் புரியும்படி நடைமுறையில் காட்டியவர்கள் என்று இந்தப் பணியகத்தாரைச் சொல்வேன்.

பழைய தளத்தைச் செய்து கொடுத்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அதில் இருந்த கோப்புகளின் நிலையை மட்டும் சொல்கிறேன். படங்கள் கேமரா கொடுத்த எண்ணோடே ஏற்றப்பட்டிருந்தன. சிலவற்றில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’ என்று எழுதியிருந்தது. சிலவற்றில் துணியின் கொள்முதல் விலையே பெயராக இருந்தது. அந்தப் பெயரைப் படத்தைச் சேமிக்கும் எவரும் பார்க்கலாம் என்பதை எங்களில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதைவிடத் தொல்லை தந்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல். கேமராவிலிருந்து வரும் படத்தின் பின்னொட்டில் ஜேபிஜி என்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. பக்கத்தில் அதே பெயர் சிறிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் கணினி இவ்விரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் கடையில் திறந்து பார்த்தபோது எல்லாப் படங்களும் தெரிந்தன. தளங்களை வைத்திருந்து வழங்கும் கணினிகளான இணைய சர்வர்களில் பெரும்பாலானவை இயங்கும் லினக்ஸ் இயங்குதளமோ அவற்றை இரண்டு வேறு கோப்புகளாகக் கருதும். ஆகவே வாடிக்கையாளர் பார்த்த தளத்தில் படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டமாக இருந்தது. சத்துவாச்சாரிப் பணியகத்தார் இதை எங்கள் கைப்பேசியிலேயே திறந்து காட்டி, காரணத்தைச் சொல்லி, முதல் விதியை அங்கேயே வகுத்தார்கள்: எல்லாப் பெயரும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் மட்டும்.

அவர்களுடைய வேலை முறையில் முதல் கட்டத்தில் கணினிக்கு இடமே இல்லை. கோடு போட்ட தாளில் கடையின் சரக்கை வகைவகையாக எழுதச் சொல்கிறார்கள்: கட்டம், கோடு, வெள்ளை, ஒற்றைச் சாயம், சிறுவர் அளவு என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரில் பெயர் எழுதுகிறார்கள். பிறகு, நான் இதுவரை வேறெங்கும் காணாத ஒரு சோதனையைச் செய்கிறார்கள். அந்த அம்மையார் அடுத்த அறைக்குப் போய், எங்கள் கடைப் பையனுக்குப் போன் செய்து, முகவரியை வாயால் படித்து, அவனைத் தாளில் எழுதச் சொன்னார். “தம்பி எழுதினது நான் சொன்னதோட ஒத்துப் போகலைன்னா, தப்பு தம்பி மேல இல்ல சார், பேர் மேல” என்றார். சொற்களுக்கு இடையே அடிக்கோடு (_) இருந்த பெயர்கள் அனைத்தும் அந்தச் சோதனையில் தோற்றன. பையன் சில இடங்களில் இடைவெளி விட்டான், சில இடங்களில் கோட்டை எழுத்துக்குக் கீழே இழுத்தான். லிங்க்குகளுக்கு இயல்பாகவே கீழே கோடு விழுவதால் அடிக்கோடு அதற்குள் மறைந்துபோகும் என்பது வேறு. சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டுக்குப் பதில் நடுவில் வரும் சிறுகோட்டை (-) பயன்படுத்துமாறுதான் கூகுளும் தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. இரண்டாம் விதி அப்படி முடிவானது.

இடைவெளி விடுவதை அவர்கள் அறவே அனுமதிப்பதில்லை. முகவரியில் இடைவெளி வந்தால் அதன் இடத்தில் %20 என்ற குறி நுழையும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் நடப்பதை எங்களுக்குச் செய்து காட்டினார்கள்: இடைவெளியோடு எழுதிய முகவரியை அனுப்பினால், இடைவெளி வரைக்கும்தான் நீல நிறமாகிறது; மீதி வெறும் எழுத்தாக நின்றுவிடுகிறது. அதைத் தொடும் வாடிக்கையாளர் இல்லாத பக்கத்துக்குப் போய்ச் சேருகிறார். # குறியும் ? குறியும் முகவரி இலக்கணத்தில் வேறு வேலைக்கென ஒதுக்கப்பட்டவை என்பதால், ‘டிசைன் #12’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடச் சொன்னார்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், சிறுகோடு ஆகிய மூன்றே போதும் என்பது அவர்கள் கட்சி. இணைய முகவரி எழுதும் முறையை வகுத்து 2005இல் வெளியான தர ஆவணம் புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு (~) ஆகியவற்றுக்கும் இடம் தருகிறது. ஆயினும் கடைக்கு இந்த மூன்றைத் தாண்டித் தேவைப்படவில்லை.

எண்ணிடுவதில் ஒரு சிறு நுணுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. 1, 2, 3 என்று எண்ணிட்டால் பல பட்டியல்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும், 2 அதற்குப் பின்னால் போய்விடும். எனவே 01, 02 என்று தொடங்குகிறார்கள். தேதி எழுதும்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் அறிவிப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன.

இனி, நான் அதிகம் சிந்தித்த பகுதிக்கு வருகிறேன். ஊர்ப் பெயரைக் கோப்புப் பெயரில் சேர்ப்பதா, சேர்த்தால் எப்படி எழுதுவது என்ற கேள்வி எங்கள் வட்டாரத்தில் எளிதானதன்று. பழைய தளத்தில் கிளை முகவரிப் பக்கங்கள் எல்லாம் ‘வேலூர் மாவட்டம்’ என்ற கோப்புறைக்குள் இருந்தன. அதற்குள் ஆம்பூர், ஆற்காடு, வாலாஜாப்பேட்டை என்று விற்பனையாளர்களின் பக்கங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஆற்காடும் வாலாஜாவும் இராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. அந்த ஒரே நாளில் எங்கள் முகவரிகளில் பாதி பொய்யாகிவிட்டன. அதற்கு முன்பும் 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலை தனியானது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்சி எல்லை மாறிக்கொண்டே இருக்கும். கடை இருக்கும் தெரு அங்கேயேதான் இருக்கும். ஆகவே மாவட்டப் பெயர் எந்த முகவரியிலும் வரக்கூடாது என்று பணியகத்தார் சொன்னதை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டேன். திருப்பத்தூருக்கு மட்டும் ஒரு விலக்குக் கேட்டேன். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால் குழப்பம் வரும் என்பது என் வாதம். அவர்கள் மாவட்டத்தைச் சேர்க்காமல், விற்பனையாளர் கடை இருக்கும் சாலையின் பெயரைச் சேர்த்து அதைத் தீர்த்தார்கள். அது என் யோசனையைவிட மேலான தீர்வு.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். குடியாத்தத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’யை இரட்டிப்பவர்களும் உண்டு, ‘டிஎச்’ போடுபவர்களும் உண்டு. ரயில் நிலையப் பலகையில் ஒரு விதம், கடைப் பலகைகளில் வேறு விதம். 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றும் அரசாணையை வெளியிட்டது. அதில் வேலூருக்கு ‘இ’ இரண்டும் ‘ஓ’ இரண்டும் வரும் புதிய வடிவம் கொடுக்கப்பட்டிருந்தது. அதே மாதத்திலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாள்களில் ஆர்வத்தால் முகவரிகளை மாற்றியவர் எவராவது இருந்திருந்தால் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கலாம். பணியகத்தார் பின்பற்றும் வழி இது: ஊருக்கு ஒரே ஒரு வடிவம், அதுவும் மக்கள் தேடும்போது அதிகமாகத் தட்டச்சு செய்யும் வடிவம், அதைத் தாளின் முதல் பக்கத்தில் எழுதி, இனி எவர் புதுப் பக்கம் சேர்த்தாலும் அதைப் பார்த்தே எழுத வேண்டும் என்று வைத்துவிடுகிறார்கள். மற்ற வடிவங்களைப் பக்கத்தின் உள்ளே, சாதாரண வாக்கியங்களில், இயல்பாக வரும்படி எழுதிவிடுகிறார்கள். சரக்குப் பெயர்களுக்கும் இதே நெறிதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்தரிக்காயை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதைக் காய்கறி விற்கும் தளங்களைப் பார்த்தால் தெரியும். ஒரே தளத்துக்குள்ளேயே அது மூன்று உருவம் எடுக்கிறது.

தமிழிலேயே கோப்புப் பெயர் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். கேட்டதில் எனக்கு ஒரு பற்றும் இருந்தது. அவர்கள் மறுத்துப் பேசவில்லை. தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யுனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் எடுத்துக்கொள்கிறது. முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்துகள். மெய்யும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறியீடுகள் என்பதால் ‘குடியாத்தம்’ என்ற ஒரு சொல்லே 11 குறியீடுகளாகி 99 எழுத்து நீளம் பெறுகிறது. ‘கைத்தறி’ 63, ‘லுங்கி’ 54. இடையே இரண்டு சிறுகோடுகளைச் சேர்த்தால் மொத்தம் 218. தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் பக்கப் பெயரின் நீளத்தை 200 எழுத்தோடு நிறுத்திவிடும். அப்போது முகவரி ‘குடியாத்தம்-கைத்தறி-லுங்’ என்று முறிந்து நிற்கும். இந்தக் கணக்கை அவர்கள் என் கண் முன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் காட்டிய விதம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. வாடிக்கையாளருக்கு இவ்வளவு பொறுமையாக விளக்குபவர்கள் அரிது.

நீளம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நான் இன்னும் வாதாடியிருப்பேன். அடுத்து அவர்கள் காட்டியது வலுவான காரணம். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வரும் வெளியூர் அன்பர்கள் அங்கிருந்து எங்கள் கடைக்கு வரும் வழியை விளக்கும் பக்கம் ஒன்று தளத்தில் உண்டு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம்: ‘ஸ’ எழுத்தைக் கொண்டு ஒரு விதம், 2005இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ எழுத்தைக் கொண்டு இன்னொரு விதம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. சர்வருக்கோ அவை வேறு வேறு பெயர்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையில் தட்டச்சு செய்து வைத்த முகவரியை, மற்றொருவர் வேறு விசைப்பலகையில் தட்டினால், கண்ணுக்கு எந்தப் பிழையும் தெரியாமலேயே பக்கம் கிடைக்காமல் போகும். ‘கோ’ போன்ற எழுத்துகளிலும் இதே தொல்லை: முழு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைத் தானாகவே பிரித்துத்தான் சேமிக்கும். அப்படி ஒரு கணினியிலிருந்து ‘கோட்டை’ என்று பெயரிட்ட படத்தை ஏற்றிவிட்டு, விண்டோஸில் தட்டச்சு செய்த பக்கத்திலிருந்து அதை அழைத்தால் சர்வர் இல்லையென்று கைவிரிக்கக்கூடும். தேடிப் பார்ப்பவருக்கு இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும் என்பதால், பிழையைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

ஆகவே கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், பக்கத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் படத்தின் விளக்கக் குறிப்பும் நல்ல தமிழில் என்று முடிவு செய்தோம். தமிழ் முகவரியே வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். கவிதை, இலக்கிய இதழ், கோயில் வரலாறு போன்ற தளங்களில் படிப்பவர் முகவரிப் பட்டையில் தமிழைக் காண்பது ஒரு மகிழ்ச்சி; அங்கே பக்கங்களை ஒருவரே ஒழுங்காகப் பராமரித்தால் இந்தத் தொல்லைகளைச் சமாளிக்கலாம். லேபிளில் கியூஆர் குறியீடு அச்சிடும் கடைக்கு அது பொருந்தாது. முகவரி நீள நீளக் கியூஆர் கட்டங்கள் நெருக்கமாகும். சிறிய லேபிளில் அச்சிட்டு, மடிப்பில் சுருக்கம் விழுந்தால், கைப்பேசி அதைப் படிக்கத் திணறும்.

பெயருக்குள் எதை முன்னால் வைப்பது என்பதிலும் ஒரு தெளிவு இருந்தது. பொதுவானது முதலில், நுணுக்கமானது பிறகு: லுங்கி, கட்டம், நீலம், 01 என்ற வரிசை. நிறம் முன்னால் வந்தால் நீல லுங்கியும் நீலத் துண்டும் பட்டியலில் கலந்துவிடும். ‘புதுவரவு’ பற்றி அவர்கள் சொன்னது கடைக்காரர்கள் எல்லோருக்கும் பயன்படும். புதுவரவு என்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கலாம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் எப்போதும் புதிய சரக்கே இருக்கும். ஆனால் லுங்கியின் சொந்தப் பக்கத்தை அந்தக் கோப்புறைக்குள் வைக்கக் கூடாது. ஆறு மாதத்தில் அது புதுவரவாக இருக்காது, முகவரி மட்டும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும். விலையையும் வரி விகிதத்தையும் பெயரில் எழுதுவதும் அதே காரணத்தால் தவறு.

பழைய முகவரிகளை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஏற்கெனவே அச்சிட்ட பில்களையும் லேபிள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் எதிரில் புதிய முகவரியை எழுதி, சர்வரில் 301 எனப்படும் நிரந்தரத் திசைமாற்றத்தை அமைத்தார்கள். பழைய லேபிளை இன்று ஸ்கேன் செய்தாலும் சரியான பக்கமே திறக்கிறது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலையை முடித்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் தேடி வந்த லுங்கியை அங்கிருந்து மீண்டும் தேட வேண்டியிருக்கும். இவர்கள் அந்தக் குறுக்கு வழியை எடுக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, பெயரிடும் விதிகளை அவர்கள் ஒப்படைத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. இனி அந்தத் தாளை வைத்துப் படம் ஏற்றப் போவது கடைப் பையன்; அவன் தமிழில்தான் படிப்பான். கேட்ட பிறகு தமிழில் எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் நன்றாகவே எழுதினார்கள். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டியது. இரண்டாவது, பக்க முகவரிகளின் இறுதியில் எச்டிஎம்எல் பின்னொட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். நாளை தளம் வேறு மென்பொருளுக்கு மாறினால் அந்தப் பின்னொட்டு பொருளற்றுப் போகும்; சர்வரில் ஓர் அமைப்பை மாற்றி அதை மறைப்பது பெரிய வேலையன்று. இதில் அவர்கள் என்னோடு உடன்படவில்லை. பின்னொட்டு இருந்தால் கோப்பு எது, கோப்புறை எது என்று பராமரிப்பவருக்கு எளிதில் தெரியும் என்கிறார்கள். அந்த வாதத்தில் பொருள் உண்டு என்றாலும், வாயால் முகவரி சொல்லும்போது அந்த நான்கு எழுத்தும் ஒரு சுமைதான் என்பதை அவர்களுடைய போன் சோதனையே காட்டிவிட்டது. மூன்றாவது, பெயர்ப் பட்டியல் தயாரிப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், இதை விலைப் புள்ளியிலேயே தனி வரியாகக் காட்டுகிறார்கள். கட்டணம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் நான்கைந்து பக்கமே உள்ள சிறு தளத்துக்கும் அதே தொகை என்பது பொருத்தமாக இல்லை. பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப அதைக் குறைத்தால் மளிகைக் கடை, தையற்கடை வைத்திருப்பவர்களும் இவர்களிடம் வருவார்கள்.

சரக்கு வகை அதிகமுள்ள கடைகள், இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பொருள் விற்பனையாளர்கள், நூற்றுக்கணக்கான படங்களை ஏற்ற வேண்டிய நகைக்கடைகள், விதைக் கடைகள் ஆகியோருக்கு இந்தப் பணியகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே பக்கத்தில் கடையின் முகவரியும் போன் எண்ணும் இருந்தால் போதும் என்பவர்கள் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. போகும்போது அச்சிட்ட பில் புத்தகம், லேபிள், பை, விசிட்டிங் கார்டு என்று பழைய முகவரி இருக்கும் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றை எடுத்துச் செல்லுங்கள். சரக்குப் பட்டியலைக் கடையில் நாள்தோறும் நிற்பவரைக் கொண்டே எழுதி வாங்குங்கள். அவரையும் உடன் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. போன் சோதனைக்கு அவர்களே அவரைக் கேட்பார்கள்.